மெயினை இறக்குகிற வீடு

சிவகாசியில் பேக்கிங் வேலை பார்க்கிறேன் என்றால் யாரும் அடுத்த கேள்வி கேட்க மாட்டார்கள். நானும் ஒரு வகையில் பேக்கிங்தான் பார்த்தேன். ஆனால் என் பேக்கிங்கை மட்டும் எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் புரியவைக்க முடியவில்லை.

பகலில் ஓர் ஆப்செட் அச்சகத்தின் டிசைன் அறையில் வெடிப்பெட்டிகளுக்கு லேபிள் வரைவேன். வீட்டுக்கு வந்து சோறு வடித்து முடித்தபின், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டிருந்த ஓர் இயங்குதளத்துக்கு ஒரே ஒரு மென்பொருளைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பேன். கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பி வேலைக்கு உட்கார வைப்பதுதான் இயங்குதளம். உலகத்தின் பல மூலைகளில் இருந்தவர்கள் கூலி வாங்காமல் சேர்ந்து அதைச் செய்துகொண்டிருந்தார்கள். அதற்குள் இருக்கிற ஒவ்வொரு மென்பொருளையும் எழுதுகிறவர் ஒருவர். அதை இயங்குதளத்துக்குள் பொருந்துகிற மாதிரிக் கட்டி, சோதித்து, புகார் வந்தால் ஏச்சு வாங்குகிறவர் இன்னொருவர். அந்த இன்னொருவர் நான். எழுதினவருக்குப் பெயர், கட்டினவளுக்கு ஏச்சு.

"சம்பளம் எம்புட்டு?" என்று எதிர்வீட்டு அக்கா ஒரு தடவை கேட்டாள். ஒன்றும் கிடையாது என்றேன். "அப்ப எதுக்குடி அதோட கிடந்து மல்லுக்கட்டுறே?" என்றாள்.

என் பொறுப்பில் இருந்த கருவி செய்கிற வேலை எளிதானது. ஒரு கோப்பை நாம் எத்தனை தடவை மாற்றினாலும், ஒவ்வொரு தடவையும் அது எப்படி இருந்தது, யார் மாற்றினார்கள் என்பதையெல்லாம் அது உள்ளே எடுத்து வைத்துக்கொள்ளும். போன மாதம் எழுதினது வேண்டும் என்றால் போன மாதத்ததை எடுத்துக் கொடுக்கும். அச்சகத்தில் நான் பட்ட பாடுதான் என்னை அதனிடம் கொண்டுபோய் விட்டது. பட்டாசுக் கம்பெனியிலிருந்து பார்ட்டி வருவார். மயில் பெரிதாக வேண்டும் என்பார், பிறகு மயிலே வேண்டாம் என்பார், சக்கரத்தைச் சுற்றி மஞ்சளைக் கூட்டச் சொல்வார். எல்லாவற்றையும் செய்து முடித்து அச்சுக்கு ஃபிலிம் போடப் போகும்போது, "மொதல்ல ஒண்ணு காட்டினீகளே, அதுதாம்மா எடுப்பா இருந்துச்சு" என்பார். முதலில் காட்டினது அழிந்து நாள் ஆகியிருக்கும். அப்படி வயிறு எரிந்த ஒரு நாளில் இந்தக் கருவியைத் தேடிப் பிடித்தேன். அதைக் கட்டிக்கொண்டிருந்தவர் விலகப் போகிறார் என்று தெரிந்ததும் நான் கட்டுகிறேன் என்று கையைத் தூக்கினேன். ஆழம் தெரியாமல் காலை விட்ட கதைதான்.

அந்தக் கருவியால் எனக்குக் கிடைத்த சிநேகிதி ஒருத்தி உண்டு. விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்கிற முஸ்லிம் குடும்பத்துப் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவள். ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த இயங்குதளத்தைக் கம்ப்யூட்டரில் நிறுவும்போது திரையில் வருகிற வாக்கியங்களையெல்லாம் தமிழில் பெயர்த்துக்கொண்டிருந்தாள். நிறுவத் தொடங்கினதும் முதலில் வருவது மொழிகளின் வரிசை. உங்கள் மொழியைத் தொட்டால் மீதி எல்லாம் அந்த மொழியில் நடக்கும். இயங்குதளத்தின் முந்தின வெளியீட்டில், தமிழாக்கின வாக்கியங்கள் போதவில்லை என்று தமிழை அந்த வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். சென்டரில் தமிழ் மீடியத்தில் படித்து வந்த ஒரு பெண் அந்த வரிசையை மேலும் கீழும் தேடிவிட்டு, "மிஸ், நம்ம பாஷை இல்லையா?" என்று கேட்டிருக்கிறாள்.

"எல்லார் முன்னாடியும் கேட்டாக்கா. சொல்றதுக்கு வாய் வரல. அழுகையா வந்துச்சு" என்று என்னிடம் சொன்னாள். அன்றிலிருந்து வெறி பிடித்த மாதிரி பெயர்த்தாள். இணைய இணைப்பு என் வீட்டில்தான் இருந்தது. அதனால் ஞாயிறுதோறும் பஸ் ஏறி வந்து என் கம்ப்யூட்டரிலேயே வேலை பார்ப்பாள். அவள் வேலை முழுவதும் என் கருவிக்குள் பத்திரமாக இருந்தது.

அந்தப் புரட்டாசிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்குக் கதவடைப்பு. எங்களுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொள்வோம். ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்னாலும் ஒரு நேரம் குறிப்பார்கள். அதற்கு மேல் புதிதாக எதையும் உள்ளே அனுப்ப முடியாது. பொட்டலத்துக்கும் அதுவே நேரம், மொழிபெயர்ப்புக்கும் அதுவே நேரம். பொட்டலத்தில் பெரிய கோளாறு என்று நிரூபித்தால் பிற்பாடு கெஞ்சி ஒரு வழி பண்ணலாம். மொழிபெயர்ப்புக்கு அந்தச் சலுகையும் கிடையாது. தவறினால் தமிழ் இன்னும் ஒன்றிரண்டு வருஷம் வெளியேதான் நிற்கும்.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வந்தாள். வாக்கியங்கள் எல்லாம் முடிந்திருந்தன, ஒரு தடவை வாசித்துப் பார்த்து அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. என் கணவர் வேலையில் இருந்தார். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் அவர் போர்மேன். சீசன் கடைசி என்பதால் ஞாயிறும் அவருக்கு வேலை நாள்தான்.

இரண்டு விஷயம் சொன்னால்தான் நடந்தது விளங்கும். என் கருவி ஓர் அலமாரி மாதிரி. எல்லா வடிவமும் உள்ளே இருக்கும். இப்போது வேலை பார்ப்பது மட்டும் மேசையில் விரிந்திருக்கும். பழைய வெளியீட்டுக்கான வாக்கியங்கள் ஒரு தட்டில், புதிய வெளியீட்டுக்கானவை இன்னொரு தட்டில். அன்று பழையதில் ஒரு சின்னத் திருத்தம் செய்வதற்காக அவள் அதை மேசைக்கு எடுத்திருந்தாள். புதியது, அதாவது அவளுடைய மொத்த உழைப்பும், அலமாரிக்குள் இருந்தது. இரண்டாவது, அந்த வாரம்தான் கருவியை எழுதினவர் அதன் புதிய பதிப்பை வெளியிட்டிருந்தார். நான் அதைப் பொட்டலம் கட்டி, வழக்கம்போல் முதலில் என் கம்ப்யூட்டரிலேயே போட்டிருந்தேன்.

புதிய தட்டை மேசைக்கு எடு என்று அவள் கட்டளை கொடுத்தாள். திரையில் ஒரு வரி வந்தது: பழைய அலமாரி புதிய முறைக்கு மாற்றப்படுகிறது. சதவீதம் ஓடத் தொடங்கியது.

"என்னக்கா இது, கேக்காம கொள்ளாம அதுபாட்டுக்கு ஆரம்பிச்சிருச்சு?"

"ஒரே ஒரு தடவைதான் மாத்தும். கண்ணு மூடித் திறக்குறதுக்குள்ள முடிஞ்சிரும்."

முடியவில்லை. நான் சோதித்தது சின்ன அலமாரி. அவளுடையது வருஷக்கணக்கில் நிறைந்தது. பாதிகூட ஓடியிருக்காது, நாரணாபுரம் பக்கம் வானம் உறுமியது. அந்நேரம் பார்த்து என் கணவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றினவர் நிமிர்ந்தார், வாசல்நிலைக்கு உள்பக்கம் இருந்த மெயின் சுவிட்சை இறக்கினார்.

மின்விசிறி நின்றது. கோடையிலேயே பேட்டரி செத்துப்போன யூபிஎஸ் ஒரு தடவை கீச்சென்று கத்தியது, அதோடு சரி. திரை கறுத்துவிட்டது.

எங்கள் தெருவில் அது ஒன்றும் புதுசில்லை. பட்டாசு ஆலையில் இடிச் சத்தம் கேட்டால் மெயினை இறக்கிவிட்டு எல்லாரும் அறைகளை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். வருஷம் முழுக்க அப்படிப் பழகினவர்கள் வீட்டிலும் அதையே செய்வார்கள். முதல் இடிக்கு எங்கள் தெருவில் வரிசையாக மெயின் இறங்குகிற சத்தம் கேட்கும். ஆனால் அன்றைக்கு எனக்கு அதெல்லாம் நினைவில் இல்லை.

"என்ன செஞ்சு வச்சிருக்கீக? ஒரு வார்த்தை கேட்டுட்டு இறக்கினா கொறஞ்சா போயிருவீக?" என்று கத்தினேன்.

"இடி கேட்டுட்டா வருது?" என்றார். நிதானமாகத்தான் சொன்னார். அந்த நிதானம்தான் எனக்கு இன்னும் பற்றி எரிந்தது. எனக்குக் கோபம் வந்தால் நாக்கு நிற்காது. சிநேகிதி இருக்கிறாளே என்றுகூடப் பார்க்கவில்லை, வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். அவர் பின்கட்டுக்குப் போய்க் கையில் வெள்ளியாக ஒட்டியிருந்த பட்டாசு மருந்தைத் தேய்த்துக் கழுவினார்.

கடைசி இடி விழுந்து அரைமணி ஆனபிறகுதான் மெயினைப் போட விடுவார். அது ஆலைச் சட்டம். இருட்டில் உட்கார்ந்திருந்தோம். அவள் என் காதோடு, "அண்ணன் எதுக்குக்கா இம்புட்டுப் பயப்படுறாக?" என்று கேட்டாள். அவர் அதைப் பேச மாட்டார். எனக்குத் தெரிந்ததே அவருடைய தங்கச்சி சொல்லித்தான். எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் அவர் வேறோர் ஆலையில் இருந்தார். அங்கே ஒரு நாள் இடி இடிக்கும்போது மெயினை இறக்கப் போன இவரை மேற்பார்வை பார்த்தவர் தடுத்து, "இந்த லோடு மட்டும் போயிரட்டும்ப்பா" என்றிருக்கிறார். இவரும் நின்றிருக்கிறார். கம்பி வழியாக இடி உள்ளே இறங்கி மருந்து வெடித்துவிட்டது. அவரோடு தினமும் ஒரே வேனில் போய் வந்தவர்களை அவரே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். நான் சொல்லி முடித்ததும் அவள் முட்டாக்கை இழுத்து விட்டுக்கொண்டாள்.

மின்சாரம் வந்ததும் அவள் கம்ப்யூட்டர் பொத்தானை அமுக்கப் போனாள். "தொடாதே!" என்று கையைப் பிடித்தேன். ஹார்ட் டிஸ்கில் அழிந்தது உடனே போய்விடாது. அதன்மேல் வேறெதையாவது எழுதினால்தான் போகும். வழக்கம்போல் கம்ப்யூட்டரை எழுப்பினால் அது பாட்டுக்கு எதையாவது எழுதித் தொலைக்கும். அதனால் ஒரு சிடியிலிருந்து எழுப்பி, டிஸ்கைத் தொடாமல் பார்க்க மட்டும் செய்தேன். அலமாரியில் பெயர்கள் எல்லாம் இருந்தன, உள்ளே ஒன்றுமில்லை. பெயர் எழுதின டப்பாக்கள் வரிசையாக இருந்து, திறந்தால் பருப்பே இல்லாத மாதிரி.

காரணம் புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அலமாரியில் உள்ளதைத் துண்டு துண்டாக மாற்றுகிற கருவி, ஒவ்வொரு புதிய துண்டையும் டிஸ்கில் எழுதச் சொல்கிறது. டிஸ்க் "ஆச்சு" என்கிறது. உண்மையில் எழுதியிருக்காது, பிறகு எழுதலாம் என்று நினைவில் வைத்திருக்கும். கருவி அதை நம்பிப் பழைய துண்டை அழித்துவிடுகிறது. அந்த நேரத்தில் மின்சாரம் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. மெயினை இறக்காத ஊரில் இருந்துகொண்டு எழுதினவருக்கு இது கண்ணில் படவே போவதில்லை.

ஆனி மாதம் எடுத்து வைத்த நகல் மட்டும் வேறொரு சிடியில் இருந்தது. புதிய வெளியீட்டுக்கான வேலையில் பெரும்பங்கு அதற்குப் பிறகு செய்தது. அவள் அழவில்லை. "எல்லாமே போச்சாக்கா?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன்.

பழைய முறையில் துண்டுகள் வெறும் எழுத்தாகவே இருக்கும் என்பது எங்கள் அதிர்ஷ்டம். டிஸ்க் முழுவதையும் முதலிலிருந்து கடைசிவரை வாசித்து, தமிழாகத் தெரிகிற வரிகளையெல்லாம் பொறுக்கி ஒரு பென் டிரைவில் போட வைத்தேன். வரிகள் வந்து விழுந்தன. முன்பின்னாக, ஒரே வாக்கியம் நாலைந்து விதமாக, பாதியில் அறுந்து. "இது என்னோடதுக்கா! இதுவும் என்னோடதுதான்!" என்று அவள் திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். வீட்டுக்குப் போன் போட்டு அப்பாவிடம், "அத்தா, நான் அக்கா வீட்லயே தங்கிக்கிறேன்" என்றாள்.

கருவியை எழுதினவருக்கு அன்றே மெயில் எழுதினேன். அவர் ஒரு குளிர்தேசத்துக்காரர். காலையில் பதில் வந்திருந்தது, மரியாதையான பதில். சரியாக அந்தக் கணத்தில் மின்சாரம் போனால்தான் இப்படி ஆகும், அது நடப்பது மிக அபூர்வம், ஒவ்வொரு துண்டுக்கும் டிஸ்க் எழுதி முடிக்கிறவரை காத்திருந்தால் கருவி மெதுவாகிவிடும், நல்ல பேட்டரி வாங்கிக்கொள்ளுங்கள் என்றிருந்தார். அபூர்வமாம்! எங்கள் ஊரில் மின்வெட்டுக்கு அட்டவணையே போட்டிருந்த வருஷம் அது. நான் எழுதின பதிலை அப்படியே அனுப்பியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்காது, பாதிக்குமேல் தமிழில்தான் ஏசியிருந்தேன். அழித்துவிட்டு, நன்றி என்று ஒரு வரி அனுப்பினேன்.

அவர் செய்யாவிட்டால் என்ன, கட்டுகிறவளுக்கும் கை இருக்கிறது. எழுதினவரின் மூலத்தின்மேல் தேவையான ஒட்டுப்போட்டுக் கட்டுகிற உரிமை எங்களுக்கு உண்டு. மாற்றத் தொடங்குமுன் கருவி கேட்க வேண்டும், புதியது எல்லாம் டிஸ்கில் நிஜமாகவே இறங்கினது உறுதியான பிறகுதான் பழையதில் கை வைக்க வேண்டும். இவ்வளவுதான் என் ஒட்டு. ஆனால் சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? பாதியில் மின்சாரத்தைப் பிடுங்கித்தான் பார்க்க வேண்டும்.

திங்கட்கிழமை காலையும் தூறிக்கொண்டிருந்தது. ஈரம் என்றால் மருந்து வேலை கிடையாது. அதனால் என் கணவர் வீட்டில் இருந்தார், நாங்கள் இரண்டு பேரும் லீவு சொல்லியிருந்தோம். சிநேகிதி என் கம்ப்யூட்டரில் வரிகளைக் கோத்துக்கொண்டிருந்தாள். அச்சகத்தில் கழித்துவிட்ட பழைய பெட்டி ஒன்று என்னிடம் இருந்தது, சோதனைக்கு அதை மூலையில் வைத்தேன். இரண்டு பேருக்கும் காபி கொண்டுவந்தவரிடம், நேற்று ஏசினதை மறந்த மாதிரி, "இந்தப் பிளக்குப் பக்கத்துல கொஞ்சம் உக்காருங்க. நான் சொன்னதும் புடுங்கணும்" என்றேன்.

"நேத்து இறக்குனதுக்கு அம்புட்டுப் பேச்சு. இன்னைக்கு நீயே புடுங்கச் சொல்றே?"

"நேத்து கேக்காமச் செஞ்சீக. இன்னைக்குக் கேட்டுச் செய்யிங்க."

சிநேகிதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "புடுங்கவா?" என்பார். "இருங்க... இருங்க... ம், புடுங்குங்க!" என்பேன். முதல் தடவையே சில டப்பாக்கள் காலி. தலையைப் பிய்த்துக்கொண்டேன். துண்டு டிஸ்கில் இறங்கினால் மட்டும் போதாது, அந்தத் துண்டு அலமாரியில் இன்ன இடத்தில் இருக்கிறது என்கிற குறிப்பும் இறங்க வேண்டும் என்பது எனக்கு உறைக்க நேரமானது. திருத்தினேன். பிடுங்கினார். திரும்பப் போட்டோம், திரும்பப் பிடுங்கினார். ஆரம்பத்தில், நடுவில், முடிகிற நேரத்தில் என்று மாற்றி மாற்றிப் பிடுங்கச் சொன்னேன். எதுவும் காலியாகவில்லை. "இன்னும் எம்புட்டுத் தடவை?" என்று கேட்டாரே தவிர எழுந்திருக்கவில்லை.

மத்தியானம் அந்தத் திருத்தின கருவியை என் கம்ப்யூட்டரிலும் போட்டு, புது அலமாரி உண்டாக்கி, அவள் கோத்து முடித்த வாக்கியங்களை உள்ளே வைத்தோம். பிறகு அட்டவணைப்படி மின்வெட்டு. இரண்டு பேரும் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். மின்சாரம் வந்தபோது நாலு மணிக்கு மேல் ஆகிவிட்டது. கிடைக்காமல் போன வாக்கியங்களை அவள் ஒவ்வொன்றாக மறுபடி பெயர்த்தாள். நான் வாசித்துக் காட்டுவேன், அவள் தட்டுவாள். அவள் விரல் தடுமாறியது. "பதறாதே" என்று நானே பதறிக்கொண்டு சொன்னேன்.

ஐந்து மணி தாண்டித்தான் எல்லாம் முழுமை என்று பரிசோதனை சொன்னது. அனுப்பு என்று கொடுத்தாள். போகவில்லை. உலகம் முழுக்கக் கடைசி நேரத்துக்காரர்கள் எல்லாம் அதே வாசலில் முட்டிக்கொண்டிருந்தார்கள் போலும். இணைப்பு எடுத்து, கொஞ்ச நேரம் தொங்கி, அறுந்தது. மறுபடி கொடுத்தாள். மறுபடி அறுந்தது. பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு பஜாரில் இருக்கிற பிரவுசிங் சென்டருக்கு ஓடலாம் என்றால், பஸ் பிடித்துப் போய்ச் சேருவதற்குள் ஐந்தரை ஆகிவிடும்.

அப்போதுதான் இடி இடித்தது. தூரத்தில் இல்லை, தலைக்கு மேலே.

தெருவில் மெயின்கள் இறங்கின. என் கணவர் எழுந்தார், போனார், கை மெயினில் இருந்தது.

"தொடாதீக!" என்றேன். என் குரல் எனக்கே காதைக் கிழித்தது. "கும்பிட்டுக் கேக்குறேன், பத்து நிமிஷம். இது மட்டும் போயிரட்டும்."

அவர் நின்றார். மெயினைப் பிடித்தபடியே நின்றார், இறக்கவில்லை. அவர் நின்றதே எனக்குப் போதுமாக இருந்தது. திரும்பித் திரையைப் பார்த்தேன். இணைப்பு கிடைத்திருந்தது. பாதி போனது மாதிரி இருந்தது. போ, போ என்று வாய்விட்டே சொன்னேன். அடுத்த இடிக்கு ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது. இணைப்பு தொங்கியது, ஆனால் அறுந்துவிடவில்லை.

பக்கத்து நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தம் கேட்டது. இவள் எதற்கு இப்போது எழுந்திருக்கிறாள் என்று எரிச்சலாக வந்தது.

"அக்கா, இப்ப மின்சாரம் போனா அலமாரில ஒண்ணும் போகாதுல்ல?"

"அதெல்லாம் போகாது. நீ உக்காரு, இந்தா போய்க்கிட்டே..."

"அண்ணே, கையை எடுங்க."

திரை கறுத்தது. திரும்பிப் பார்த்தேன். மெயினை இறக்கினது அவள்தான். இறக்கிவிட்டு அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "பைத்தியமாடி ஒனக்கு? ரெண்டு வருஷம்டி! கைக்கு எட்டினதை வாய்க்கு எட்டவிடாமப் பண்ணிட்டியே!" என்று அவளைப் பிடித்து உலுக்கினேன். என் கணவர் பின்கட்டுக்குப் போனார். குடத்திலிருந்து தண்ணீர் மொள்ளுகிற சத்தம் கேட்டது. மழை பிடித்துக்கொண்டது. அந்த அரைமணியும் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் கிடந்தோம்.

மெயினைப் போட்டபோது ஐந்தரை தாண்டியிருந்தது. அலமாரியைத் திறந்தேன். ஒரு வாக்கியம்கூடப் போகவில்லை. அப்படியே இருந்தது, அனுப்பத்தான் இனி வழி இல்லை. என் ஒட்டு ஜெயித்துவிட்டது என்று ஒரு துளி சந்தோஷமும் எனக்கு வரவில்லை.

பொட்டலத்துக்காகக் கெஞ்சி எழுதினேன். கோளாறு எப்படி வருகிறது, எப்படிச் சோதித்தோம், பிளக்குக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும் என்பதுவரை எழுதினேன். இரண்டொரு நாளில் சரி என்றார்கள். கருவியை எழுதினவரும் அந்தத் திருத்தத்தைத் தன் மூலத்திலேயே சேர்த்துக்கொண்டார். மொழிபெயர்ப்புக்காகவும் எழுதினேன். இடி, மெயின், ஆலை எல்லாவற்றையும் எழுதினேன். எல்லா மொழிக்கும் ஒரே விதிதான், வருந்துகிறோம் என்று பதில் வந்தது. அந்த வெளியீட்டின் மொழி வரிசையில் தமிழ் இல்லை. போனில் சொன்னபோது அவள் "சரிக்கா" என்றாள். அதற்குமேல் பேசினால் உடைந்துவிடுவாள் என்று தெரிந்தது. நானே வைத்துவிட்டேன். வைத்துவிட்டு அடுப்படியில் நின்று நான்தான் அழுதேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வர மாட்டாள் என்றே நினைத்தேன். வந்தாள். தூக்குவாளியில் அவள் அம்மா இனிப்பாகச் செய்து கொடுத்துவிட்ட வட்டலப்பம் இருந்தது. எதுவும் நடக்காதது மாதிரி உட்கார்ந்து, அடுத்த வெளியீட்டுக்கென்று புதுத் தட்டு ஒன்றை அலமாரியில் திறந்தாள். நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். சீசன் முடிந்திருந்ததால் என் கணவர் வேலைக்குப் போகவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயும் இங்கேயும் நடந்தார். பிறகு அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார்.

"ஏம்மா, அன்னைக்கு எதுக்கு நீ இறக்குன? நான்தான் பிடிச்சுக்கிட்டு நின்னேன்ல? போயிருக்கும்ல?"

அவள் தட்டுவதை நிறுத்தவில்லை. திரும்பவும் இல்லை.

"ஒங்க கை கிடந்து நடுங்குச்சுண்ணே. முழங்கை வரைக்கும்."

அவர் வாசலுக்குப் போய்விட்டார். அரிவாள்மணையில் உட்கார்ந்திருந்த நான் எழுந்திருக்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை, நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.